டிரம் ஓடும்போது பேசியது

போன வெள்ளிக்கிழமை ஆம்பூரில் ஒரு சினிமா பார்த்தேன். காலைக் காட்சி. அத்தனை பெரிய தியேட்டரில் மொத்தம் பதினோரு பேர். அதில் நாங்களே ஐந்து பேர் — கைக்குழந்தையையும் சேர்த்து.

டிக்கெட் கிழிப்பவர், "இன்னா சார், குடும்பத்தோட வந்துகிறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். உண்மையில்லை. அது தேவராஜின் குடும்பம்.

என் இடப்பக்கம் தேவராஜின் மனைவி எஸ்தர். ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறவர். அவருக்கு அடுத்து மகள் மெர்சி. மெர்சியின் மடியில் ஒன்றேகால் வயதுப் பெண் குழந்தை. கடைசியில், கம்பெனியில் எஸ்தருக்குப் பக்கத்து மெஷின்காரியான சாந்தி. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

தேவராஜ் வரவில்லை. போன ஐப்பசி மழையில் போய்விட்டார். ஆனால் படத்தில் இருக்கிறார். ஒரே ஒரு காட்சி. ஒரே ஒரு வசனம்.

அந்த வசனத்துக்காகத்தான் வந்திருந்தோம். தேவராஜின் போட்டோ வீட்டில் நிறைய இருக்கிறது. குரல் இல்லை. அவரிடம் இருந்தது பட்டன் வைத்த பழைய போன். பேசுவார், வைத்துவிடுவார். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிற பழக்கம் எல்லாம் கிடையாது. பேத்தியின் ஞானஸ்நான வீடியோவில் இரண்டு நிமிடம் நிற்கிறார் — பின்னால் பாடல்குழு பாடுகிற சத்தத்தில் அவர் உதடு மட்டும் அசைகிறது.

"சார், படத்துல அப்பா பேசறத போன்ல புடிச்சி வெச்சிக்கலாம்னு இருக்கேன்" என்றாள் மெர்சி, விளக்கு அணைவதற்கு முன்னால். "படம் எல்லாம் எடுக்க மாட்டேன் சார். கொரல் மட்டும். பாப்பாவுக்கு."

தியேட்டருக்குள் போனில் பதிவு செய்வது குற்றம். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்றுகூட எனக்குத் தெரியும். ஆனாலும் அவளைத் தடுக்கவில்லை.

சட்டத்தை மீறுவதில் எனக்குத் திடீரென்று ஆசை வந்துவிடவில்லை. பதிவு செய்ய அங்கே ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். படத்தில் தேவராஜின் குரல் இல்லை. ஏன் இல்லை என்பதும் தெரியும். இரண்டையும் அவர்களிடம் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

விளக்கு அணைந்தது.

*

இந்தப் பத்திரிகையில் என் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் லட்சணம் தெரியும். வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருடம். துணை வட்டாட்சியராக ஓய்வு. எந்த மனுவை யாருக்கு எழுத வேண்டும், எதன் நகலை எதோடு இணைக்க வேண்டும், பதில் வராவிட்டால் எத்தனை நாள் கழித்து நினைவூட்ட வேண்டும் — இவை எல்லாம் எனக்கு மனப்பாடம். ஓய்வுக்குப் பிறகு தெருவில் எனக்கு இருக்கிற மரியாதை இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். வேறு எதற்காக இருக்கப் போகிறது?

ஒன்றரை வருடம் முன்பு ஒரு சினிமா கம்பெனியின் மேனேஜர் என் வீட்டுக்கு வந்தார். மூடிக்கிடக்கிற ஒரு பழைய தோல் பதனிடும் டேனரியில் படப்பிடிப்பு நடத்த வேண்டுமாம். என்னென்ன அனுமதி வாங்க வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் என் பெயரைச் சொன்னார்களாம். எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. கலெக்டர் ஆபீஸ், போலீஸ், தீயணைப்பு, மின்வாரியம் என்று வரிசையாகச் சொல்லி, எல்லாவற்றுக்கும் நானே மனு எழுதிக் கொடுத்தேன்.

"கதை என்ன?" என்று கேட்டேன்.

"சினிமா எடுக்கறதப் பத்தின சினிமா சார்."

சினிமாக்காரர்களுக்கு இதில் ஒரு தனி ஆசை இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? விவசாயி விவசாயத்தைப் பற்றிப் பேசினால் நமக்குத் தூக்கம் வருகிறது. தாசில்தார் தாலுகா ஆபீஸைப் பற்றிப் பேசினால் எழுந்தே போய்விடுகிறோம் — எனக்கு நேர்ந்திருக்கிறது. ஆனால் சினிமாக்காரர் சினிமா எடுத்த கஷ்டத்தைச் சினிமாவாக எடுத்தால் கண் கலங்கிப் பார்க்கிறோம். தோற்றுப்போன ஒரு டைரக்டர், அப்பா விட்டுவிட்டுப் போன டேனரியிலேயே தன் கடைசிப் படத்தை எடுக்கிறார்... நடுவில் ஹீரோ கோபித்துக்கொண்டு போகிறார்... இதுதான் கதை.

முதல் நாள் அனுமதிக் கடிதங்களின் கட்டை எடுத்துக்கொண்டு டேனரிக்குப் போனேன். தொப்பி போட்ட ஒருவர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தார். அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரியாமலா அத்தனை வருடம் உத்தியோகம் பார்த்தேன்? நேராகப் போய் கட்டை அவர் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினேன்.

அவர் டைரக்டராக நடிக்கிறவர். நிஜ டைரக்டர், கசங்கின டீ-ஷர்ட்டில், தரையில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அங்கே எல்லாமே இரண்டிரண்டு. இரண்டு டைரக்டர். இரண்டு கேமரா — ஒன்றில் உள்ளே ஒன்றுமில்லை. கிளாப் அடிக்கிற பலகை இரண்டு. நீளக் கம்பில் கட்டின மைக்கும் இரண்டு. "கட்" என்ற சொல்லே இரண்டு. தொப்பிக்காரர் சொன்னால் நடிப்பு தொடர வேண்டும். வாழைப்பழக்காரர் சொன்னால்தான் நிறுத்த வேண்டும். உள்ளூர் ஆட்களுக்கு இது பிடிபடவே இரண்டு நாளாயிற்று.

அந்த உள்ளூர் ஆட்களில் ஒருவர்தான் தேவராஜ். அடுத்த தெரு. அதே டேனரியில், தோலை ஊறவைத்துப் புரட்டுகிற பெரிய மர டிரம்முக்கு ஆபரேட்டராக இருந்தவர். கம்பெனி மூடுகிற வரைக்கும் இருந்தார். மூடினபின் அவருக்கு பி.எஃப். மனு எழுதிக் கொடுத்தது நான். கம்ப்யூட்டரில் அவர் பெயர் தப்பாக ஏறியிருந்ததைத் திருத்த ஏழு மாதம் மல்லுக்கட்டி ஜெயித்ததும் நான். அன்றிலிருந்து அவருக்கு நான் சொன்னால் சொன்னதுதான்.

படத்தில் அவருக்கு டேனரி வாட்ச்மேன் வேடம். படத்துக்குள் படம் எடுக்க வந்திருக்கிற டைரக்டர், "தனியா இருக்கீங்களே, பயமா இல்லையா?" என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பேப்பரில் எழுதியிருந்த பதில், "இந்த இயந்திரங்களின் மௌனம்தான் ஐயா என்னை அச்சுறுத்துகிறது."

தேவராஜ் அதை மூன்று முறை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சார், இது யார் சார் பேசறது? கோர்ட்லயா?"

அசிஸ்டென்ட் டைரக்டர் ஒரு பெண். நித்யா என்று பெயர். சிரித்துவிட்டு, "உங்க பேச்சுல எப்படி வருமோ அப்படியே சொல்லுங்கண்ணே" என்றார்.

தேவராஜ் சொன்னார். டிரம் பக்கமாகக் கையைக் காட்டி, "இது சத்தம் போட்டுனு இருந்தா பயம் இல்ல சார். நின்னுட்டாத்தான் பயம்."

வாழைப்பழக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

*

டேக் எடுக்கும்போது டிரம் ஓட வேண்டும் என்றார்கள். ஆறு வருடமாக நின்றுகிடந்ததை தேவராஜே எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றி ஓடவிட்டார். கடகடவென்று இடி உருள்கிற மாதிரி ஒரு சத்தம். அதற்கு மேல் பேசிப் பழகின குரல் அவருடையது. வீட்டில் தண்ணீர் கேட்டால் என் வீட்டுக்குக் கேட்கும். மளிகைக் கடையில் அவர் பேரம் பேசினால் அன்றைய விலைவாசி தெருவுக்கே தெரியும்.

சவுண்டு பார்க்கிறவர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி, "இதுல ஒண்ணும் தேறாது. டப்பிங்ல பாத்துக்கலாம்" என்றார்.

டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம்... நானும் கேட்டேன். பொருள் புரியாத சொல்லுக்கு விளக்கம் கேட்டு எழுதுகிறவன்தான் நான். அன்று கேட்கவில்லை.

டேக். தேவராஜ் வசனத்தைச் சொன்னார். தொப்பிக்காரர் "கட்" என்றார். நிஜ கட் வரும்வரை தேவராஜ் அப்படியே நிற்க வேண்டும் — முப்பது தடவை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் நிற்கவில்லை. வேலை முடிந்தது என்று நினைத்து, கேமராவுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் நின்ற எஸ்தரைப் பார்த்துத் திரும்பினார். உதட்டை அசைத்து ஏதோ கேட்டார். என் பக்கத்தில் நின்ற எஸ்தரும் உதட்டை அசைத்து ஏதோ சொன்னார். எனக்கு டிரம் சத்தத்தைத் தவிர எதுவும் காதில் விழவில்லை.

"என்னம்மா கேட்டார்?" என்றேன், எஸ்தரின் காதருகே கத்தி.

"சாப்ட்டியான்னு கேட்டார் சார். இன்னும் இல்லன்னேன்."

"சத்தமே வரலியே!"

"டிரம்மு ஓடறப்ப இவ்ளோ தூரத்துக்கு எங்க சார் சத்தம் போடறது? கல்யாணத்துக்கு முன்னாடி நானும் இங்கதான் வேல செஞ்சேன். எல்லாருமே வாயப் பாத்துதான் பேசிப்போம். எங்க ஷூ கம்பெனியில இப்பவும் அப்படித்தான். அவ்ளோ மெஷின் ஓடுதே."

இருபது அடி தூரத்தில், யாருக்கும் கேட்காமல், ஒரு புருஷன் பெண்டாட்டியைச் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார். கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

நித்யா தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் டைரக்டர், "அந்தப் பார்வைய விடாதீங்க. அப்படியே வெச்சிக்கலாம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். தேவராஜுக்கு வெட்கம் தாங்கவில்லை. "தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சேன். தப்பையே ஓகே பண்ணிட்டாங்க சார்! நம்ம கம்பெனில இப்படி இருந்தா எப்படி இருந்திருக்கும்?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

*

ஆடி மாதம் நித்யா போன் செய்தார். தேவராஜ் போனை ஸ்பீக்கரில் போட்டபடியே என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"சென்னைக்கு ஒரு நாள் வந்து டப்பிங் பேசிட்டுப் போகணும்ணே. ரெண்டே நிமிஷம்தான் வரும்."

நான் போனை வாங்கினேன். தேவராஜிடம் அவர்கள் கையெழுத்து வாங்கின ஒப்பந்தப் படிவத்தில் படப்பிடிப்பு என்றுதான் இருந்தது. டப்பிங் என்ற சொல்லே இல்லை. எனக்கு வரி வரியாக நினைவிருந்தது.

"எழுத்து மூலமாக அனுப்புங்கம்மா" என்றேன். "என்றைக்கு, எத்தனை மணிக்கு, எங்கே, போக வர என்ன ஏற்பாடு, யார் பொறுப்பு — எல்லாம் ஒரு கடிதத்தில் வரட்டும். இவருக்கு ஈமெயில் கிடையாது. என்னுடையதைத் தருகிறேன்."

"சரிங்க சார். அனுப்பிடறேன்" என்றார் நித்யா.

போனை வைத்ததும் தேவராஜ் தயங்கினார். "வாயால கூப்ட்டாங்களே, போய்ட்டு வந்துட்டா இன்னா சார்? காலையில ரயில் ஏறினா சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம்."

"வேலை அவங்களுது தேவராஜ். அவங்க கேட்கட்டும். நாளைக்கு அங்கே போய் நின்றால் யாருய்யா நீ என்பான். கையில் காகிதம் வேண்டாமா?"

"அதுவும் கரெக்டுதான் சார்."

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். கடிதம் வந்ததா என்றார். வரவில்லை என்றேன். அதற்கடுத்த ஞாயிறு, கோயிலில் ஆராதனை முடிந்து எஸ்தரும் சேர்ந்து வந்தார்.

"அவருக்கு ரொம்ப ஆசை சார். கண்ணாடி முன்னாடி நின்னு அந்த டயலாக்க சொல்லிப் பாத்துக்கறார். தெருவே மனப்பாடம் பண்ணிடுச்சி. நாங்களே போன் பண்ணிக் கேட்டா கொறச்சலா?"

"நாமாகப் போய் விழக்கூடாதும்மா. வரும். பொறுங்க."

பொறுத்தார்கள். நான் சொன்னேன் அல்லவா?

ஐப்பசியில் ஒரு காலை, மழைக்கு ஒதுங்கினவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியில், பள்ளிகொண்டா தாண்டும்போது முடிந்துவிட்டது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் மனு எழுதினேன். ஒரு பிழை இல்லாமல் எழுதினேன். எல்லாம் உரிய காலத்தில் வந்தன.

போன மாதம் எஸ்தர் கேட்டார். "சார், அந்தப் படம் எப்ப வரும்? அதுல அவர் பேசறது இருக்கும் இல்ல?"

"இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள் போய் நித்யாவுக்குப் போன் போட்டேன்.

தேவராஜ் இறந்த செய்தி அவருக்குத் தெரியாது; எப்போது, எப்படி என்று விசாரித்தார். பிறகு சொன்னார்: "வேற ஆர்ட்டிஸ்ட்ட வெச்சு டப் பண்ணிட்டோம் சார். நான் உங்களுக்கு ரெண்டு மெயில் போட்டேன். பதிலே வரல. எழுத்துலதான் வேணும்னு நீங்க சொன்னதால போன் பண்ணல. அண்ணனுக்கு விருப்பம் இல்லபோலன்னு டைரக்டர் முடிச்சுட்டாரு."

"எனக்கு எந்த மெயிலும் வரவில்லையே" என்றேன். அந்தக் குரல் எனக்கே பிடிக்கவில்லை. எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் — தபால் வரவில்லை, பார்க்கிறோம், போய் வாருங்கள்!

"ஸ்பேம்ல பாருங்க சார்."

பார்த்தேன். லாட்டரியில் ஏதோ விழுந்திருக்கிறது என்று ஒரு மெயில். மூட்டுவலித் தைலம் ஒன்று. அதற்குக் கீழே இரண்டு, எட்டு நாள் இடைவெளியில். "திரு. தேவராஜ் அவர்களின் டப்பிங் தொடர்பாக."

அனுபவத்தில் சொல்கிறேன், குறை சொல்ல முடியாத கடிதம். தேதி இருந்தது. நேரம் இருந்தது. வடபழனியில் ஸ்டுடியோ முகவரி, ரயில் டிக்கெட்டுக்கு ஏற்பாடு, சென்ட்ரலில் வந்து அழைத்துப் போகிறவர் பெயர், அவர் போன் நம்பர். மதியச் சாப்பாடுகூட இருந்தது. நான் கேட்ட எல்லாமே, நான் கேட்ட வரிசையிலேயே இருந்தன.

ஷூட்டிங்கில் பதிவான சத்தமாவது கிடைக்குமா என்று கேட்டேன். பின்னணியில் டிரம் உருண்டாலும் பரவாயில்லை, அடியில் எங்காவது அவர் குரல் இருக்குமே. நித்யா தேடிப் பார்த்துவிட்டு இரண்டு நாள் கழித்துச் சொன்னார்: "படம் முடிஞ்சதும் அந்த டிஸ்க்க காலி பண்ணிட்டாங்க சார். சாரி சார்." விடாமல் கம்பெனிக்கு ஒரு மனு போட்டேன். இரண்டு நினைவூட்டல் போட்டேன். கோப்பு கிடைக்கவில்லை என்று பதில் எழுதியே காலம் தள்ளினவனுக்கு, முதன்முறையாக அந்தப் பதில் வந்தது.

இதையெல்லாம் எஸ்தரிடம் சொல்ல வேண்டும். நாலு முறை அவர் வீட்டு வாசல்வரை போனேன். நாலு முறையும் ரேஷன் கார்டைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

*

படம் நன்றாகத்தான் இருந்தது. சினிமாவைப் பற்றிய சினிமாக்களில் ஒரு பெருந்தன்மை உண்டு. எல்லா ரகசியத்தையும் அவர்களே போட்டு உடைப்பார்கள். மழை என்பது தண்ணீர் லாரி. கண்ணீர் என்பது கிளிசரின். ராத்திரி என்பது பகல். கட்டிப்பிடித்து அழுகிற இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஆஹா, எவ்வளவு நேர்மை என்று நாமும் நம்பிவிடுகிறோம். அரசாங்க ஆபீஸ் வாசலில் மக்கள் சாசனம் என்று ஒரு போர்டு வைத்திருப்பார்களே... எல்லாமே எழுதியிருக்கும், நாம் தேடி வந்ததைத் தவிர. அந்த மாதிரி.

படத்தில் பேசுகிற குரல் இன்னொருவருடையது என்பதை மட்டும் இவர்கள் காட்டவில்லை. அதையும் காட்டின படங்கள் இருக்கின்றன என்று வாசகர்கள் கடிதம் எழுதுவீர்கள். எழுதுங்கள். இந்தப் படத்தில் இல்லை.

இடைவேளைக்குச் சற்று முன்னால் டேனரி வந்தது. மெர்சி போனை எடுத்து, அதன் வெளிச்சத்தை முந்தானையால் மறைத்து, தயாராகப் பிடித்துக்கொண்டாள். "பாப்பா, தாத்தா பாரு. தாத்தா பேசப் போறார் பாரு."

தேவராஜ் வந்தார். பெரிய திரையில், காக்கிச் சட்டையில், டிரம் பக்கத்தில். அவருடைய நெற்றித் தழும்புகூடத் தெரிந்தது. சாந்தி, "அக்கா! அண்ணன்!" என்று மெர்சியைத் தாண்டிக் கையை நீட்டி எஸ்தரின் தொடையில் அடித்தார். குழந்தை கையை நீட்டியது.

தேவராஜ் வாயைத் திறந்தார். இனிமையான, மெல்லிசான, தெற்கத்திக் குரல் ஒன்று வந்தது. "இது சத்தம் போட்டுட்டு இருந்தா பயமில்லைய்யா. நின்னுட்டாத்தேன் பயம்."

"யாருக்கா இது?" என்றார் சாந்தி, உரக்கவே. "அண்ணன் கொரல் இல்லியே! இன்னாக்கா இது அநியாயம்?"

மெர்சி போனை மெதுவாக இறக்கினாள். நிறுத்துகிற பட்டனை அழுத்தத் தோன்றவில்லை. அது மடியில் ஓடிக்கொண்டே இருந்தது.

நான் எஸ்தரைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தேன். தொப்பிக்காரர் "கட்" என்றார். தேவராஜ் திரும்பினார். அந்தப் பார்வை... நேராக எங்கள் வரிசையைப் பார்த்தது. உதடு அசைந்தது. தெற்கத்திக் குரல், "டீ வந்துருச்சாய்யா?" என்றது. எங்களுக்குப் பின்னால் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நல்ல இடத்தில் வைத்த நகைச்சுவை.

அப்போது திரும்பி எஸ்தரைப் பார்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. திரையைப் பார்த்தபடி உதட்டை அசைத்தார். சத்தமில்லை. வாயைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளும் படிப்பு எனக்குக் கிடையாது. ஆனாலும் அந்த ஒரு வார்த்தை புரிந்தது.

சாப்ட்டேன்.

*

வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் நின்றோம். சாந்தி இன்னும் பொரிந்துகொண்டிருந்தார். "ஆள மட்டும் வெச்சிக்குவானாம், கொரல தூக்கிப் போட்டுடுவானாம். நீங்க ஒரு பெட்டிஷன் எழுதுங்க சார். சும்மா விடாதீங்க."

யார்மேல் எழுதுவது?

சொன்னேன். ஆடி மாதத்திலிருந்து ஆரம்பித்து, வரிசையாகச் சொன்னேன். மெயில் வந்தது, நான் பார்க்காதது, தெரிந்தபின் சொல்லாமல் இருந்தது. சாந்தி அதற்கப்புறம் பெட்டிஷன் பேச்சை எடுக்கவில்லை. மெர்சி என்னைப் பார்க்காமல் குழந்தைக்கு பன்னைப் பிய்த்து ஊட்டினாள்.

எஸ்தர் டீயைக் கீழே வைத்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல சார். அவர் கேட்டது எனக்குக் கேட்டுது. அன்னிக்கும் டிரம்மு சத்தத்துல வாயப் பாத்துதான கேட்டேன். இன்னிக்கும் அதேதான்."

குழந்தையின் வாயோரத்தைத் துடைத்துவிட்டார்.

"இவளுக்குத்தான் சார். இவளுக்கு வாயப் பாத்துக் கேக்கத் தெரியாதே."

 இதற்கு எந்தப் படிவத்தில் பதில் எழுதித் தருவது?

எஸ்தர் என் போனைக் காட்டி, "அந்த லெட்டரப் படிங்க சார்" என்றார்.

போனை எடுத்தேன். பஸ் ஸ்டாண்டு இரைச்சலில், நடுத்தெருவில் நின்று படித்தேன். "மதிப்பிற்குரிய திரு. தேவராஜ் அவர்களுக்கு..."  கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மேலே படித்தேன். ஸ்டுடியோ முகவரி, சென்ட்ரலில் காத்திருப்பவர் பெயர், மதியச் சாப்பாடு... ஒன்று விடாமல் படித்தேன்.

எஸ்தர் கடைசி வரி வரைக்கும் கேட்டார். ஏதோ கணக்குப் போடுகிறவர் மாதிரி தலையை ஆட்டினார். அப்புறம், என்மேல் எந்தக் கோபமும் இல்லாமல், ஒரு தகவலைச் சொல்வதுபோலச் சொன்னார்:

"போயிருப்பாரு சார்."

அவ்வளவுதான். பன்னுக்கும் டீக்கும் என்னைக் காசு கொடுக்க விடவில்லை. மத்தியான ஷிப்டுக்கு நேரமாயிற்று என்று சாந்தியோடு ஆட்டோவில் ஏறிவிட்டார்.

இன்னும் என் வீட்டுக்கு மனுவோடு ஆட்கள் வருகிறார்கள். "வாயாலதான் கூப்ட்டுகிறாங்க, போலாமா சார்?" என்று கேட்கிறார்கள். போய்விட்டு வாருங்கள் என்கிறேன்... காகிதத்துக்கு நான் காத்திருந்துகொள்கிறேன்.